இரண்டு நாளில் புதுச்சேரி: ராத்திரி தங்காமலே ஒரு சுற்றுலாத் திட்டம்



இந்த முறை கையெழுத்து ஏட்டில் சமூக அறிவியல் பக்கம் எனக்குக் கிடைத்திருக்கிறது. "பழமையான ஒரு நகரத்தைச் சனி, ஞாயிறு இரண்டு நாளில் பார்க்கத் திட்டம் போடுவது எப்படி?" என்பது டீச்சர் கொடுத்த தலைப்பு. நான் எடுத்துக்கொண்ட நகரம் புதுச்சேரி. "பக்கத்துல இருக்கிற பாண்டியைப் பத்தி எழுத என்ன இருக்கு? டெல்லி, ஆக்ரான்னு எழுதலாமே" என்று சிலர் கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் இதுதான்.

நம்ம ஊர்ல பாண்டிக்குப் போகாத வீடே இல்லை. ஆனா எதுக்குப் போறோம்? ஜிப்மருக்குப் போறோம். கட்டட வேலைக்குப் போறோம். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போறோம். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வந்த வேலையை முடித்து, அதே பஸ் ஸ்டாண்டில் ஏறி வந்துவிடுகிறோம். எங்கள் வகுப்புப் பெண்களிடம் கேட்டுப் பார்த்தேன். கடற்கரையைப் பார்த்தவர்கள் பாதிப் பேர்தான். அருங்காட்சியகத்துக்குள் போனவர்கள் ஒருத்தரும் இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் விமானம் ஏறி வந்து பார்க்கிற ஊர், ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிற நமக்குத் தெரியாது.

இன்னொரு விஷயமும் இருக்கு. இரண்டு நாள் சுற்றுலா என்று சொன்னவுடனே வீட்டில், "ராத்திரி தங்கணுமே, பொம்பளப் பிள்ளைங்களை எப்படி அனுப்பறது?" என்பார்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும். அதனால் இந்தத் திட்டத்துக்கு நான் இரண்டு நிபந்தனை வைத்துக்கொண்டேன்.

1. இரண்டு நாளும் இருட்டுவதற்குள் எல்லோரும் அவரவர் வீட்டில் இருக்க வேண்டும்.
2. காசு இல்லை என்று ஒருத்தி கூட விடுபடக் கூடாது.

இந்த இரண்டுக்கும் உட்பட்டு ஒரு நல்ல திட்டம் போட முடியும். வாங்க, பார்ப்போம்.

நாள் குறிப்பது

முதலில் மாதம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஏப்ரல் முதல் ஜூன் வரை வெயில் தாங்காது. அதனால் பொங்கல் முடிந்து, ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரிதான் சரியான காலம். ஆண்டுத் தேர்வுக்கும் நாள் இருக்கும்.

அடுத்தது கிழமை. புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. சனியும் ஞாயிறும் போனால் கவலை இல்லை. ஞாயிறுக்கு இன்னொரு லாபம், அன்றைக்குத்தான் காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் போடுவார்கள். அரசு விடுமுறை நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னால் டீச்சரோ சாரோ போன் செய்து, பார்க்கப் போகும் இடமெல்லாம் திறந்திருக்குமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. பழைய கட்டடங்களில் அடிக்கடி பழுது பார்க்கும் வேலை நடக்கும்.

முதலில் வரைபடம்

எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் வரைபடத்தை ஒரு தடவை கையால் வரைந்துவிட்டுப் போக வேண்டும். புதுச்சேரியை வரைவது ரொம்ப சுலபம். அளவுகோல் இருந்தால் போதும். ஏன் தெரியுமா? அங்கே தெருக்கள் எல்லாம் நேர்க்கோடு. ஒன்றை ஒன்று செங்கோணத்தில் வெட்டும். நம் கணக்கு நோட்டுக் கட்டம் மாதிரியே இருக்கும்.

இப்படிக் கட்டம் கட்டமாகத் தெரு போட முதலில் திட்டம் வரைந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் இல்லை, டச்சுக்காரர்கள்! 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் என்பவர் பிரெஞ்சுக் கம்பெனிக்காக இந்த ஊரை வளர்க்க ஆரம்பித்தார். 1693-இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் காலத்தில்தான் இந்த நேர்த் தெருத் திட்டம் வரையப்பட்டது. 1699-இல் ஊர் திரும்பவும் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது. அவர்கள் அதே திட்டத்தைப் பின்பற்றினார்கள்.

1761-இல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்துக் கோட்டையையும் வீடுகளையும் இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். நான்கு வருஷம் கழித்து ஊர் பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பக் கிடைத்தபோது, பழைய தெருக்களின் மேலேயே புது வீடுகள் எழும்பின. கோட்டை போச்சு, வீடு போச்சு, ஆனா தெரு போகலை. அதனால்தான் புதுச்சேரியில் நடப்பதே ஒரு வரலாற்றுப் பாடம் என்று நான் சொல்கிறேன். நாம் நடக்கப் போகும் தெருக்கோடு, நம்ம தாத்தாவுக்குத் தாத்தா காலத்துக்கும் முந்தியது.

இப்போது நோட்டில் முட்டை வடிவில் ஒரு கோடு போடுங்கள். கிழக்குப் பக்கம் கடல். மற்ற மூன்று பக்கமும் புல்வார் என்னும் சுற்றுச் சாலை. வடக்கே சர்தார் பட்டேல் சாலை, மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை. ஒரு காலத்தில் நகரத்தைச் சுற்றி மதில் இருந்த எல்லை அது. போலந்து நாட்டில் கிராகோவ் என்று ஒரு பழைய நகரம் உண்டு. அங்கேயும் 19-ஆம் நூற்றாண்டில் மதிலை இடித்து, அந்த இடத்தில் ஊரைச் சுற்றி ஒரு நீளமான பூங்கா போட்டார்கள். இன்றைக்கும் அந்தப் பூங்காவைப் பார்த்தால் பழைய நகரம் எவ்வளவு பெரிது என்று தெரிந்துகொள்ளலாம். அங்கே பூங்கா, இங்கே சாலை. பாடம் ஒன்றுதான்.

முட்டைக்கு உள்ளே வடக்கு தெற்காக ஒரு கோடு போடுங்கள். அதுதான் பெரிய வாய்க்கால். வாய்க்காலுக்குக் கிழக்கே, கடல் ஓரமாக வெள்ளையர் வாழ்ந்த பகுதி. மேற்கே தமிழர் வாழ்ந்த பகுதி. அந்தக் காலத்தில் 'வெள்ளை நகரம்', 'கறுப்பு நகரம்' என்றே சொன்னார்கள். ஒரு வாய்க்காலை வைத்து மனுஷனைப் பிரித்திருக்கிறார்கள். இரண்டு பகுதியையும் பார்த்தால்தான் புதுச்சேரியைப் பார்த்ததாக அர்த்தம். வருகிறவர்களில் பலர் வெள்ளைப் பக்கத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நம் திட்டத்தில் இரண்டுக்கும் சமமாக நேரம் ஒதுக்கியிருக்கிறேன்.

வழி தவறினால் பயப்பட வேண்டாம். கடல் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். அது கிழக்கு. மற்ற மூன்று திசையும் தானாகத் தெரிந்துவிடும்.

முதல் நாள், சனிக்கிழமை: மிகப் பழையது

காலை 7 மணிக்கு நம்ம ஊர் பஸ். 8 மணிக்குப் புதுச்சேரி பஸ் ஸ்டாண்டு. கட்டிக்கொண்டு போன இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, கடலூர் சாலையில் போகும் பஸ்ஸில் அரியாங்குப்பத்துக்கு ஏற வேண்டும்.

போகும் வழியில் முதலியார்பேட்டையில் ஏ.எஃப்.டி. பஞ்சாலையைப் பார்க்கலாம். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான பேருக்குச் சோறு போட்ட ஆலை. 2020-இல் மூடிவிட்டார்கள். அந்தக் காலத்துப் புதுச்சேரி என்றால் பஞ்சாலைகள்தான். 1936 ஜூலை 30 அன்று, உரிமை கேட்டுப் போராடிய சவானா ஆலைத் தொழிலாளர்கள் மேல் துப்பாக்கியால் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் பிரெஞ்சு இந்தியாவில் 8 மணி நேர வேலைச் சட்டம் வந்தது. அந்தத் தொழிலாளர்களை வழிநடத்திய தலைவர் வ. சுப்பையா. நாம் வரைந்த முட்டையின் தெற்குக் கோட்டுக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

அரியாங்குப்பத்தில் இறங்கி உள்ளே நடந்தால் ஆற்றங்கரையில் அரிக்கமேடு. புத்தகத்தில் படித்திருக்கிறோம். சுமார் 2000 வருஷத்துக்கு முன்னால் ரோமாபுரியோடு வியாபாரம் நடந்த இடம். 1945-இல் மார்ட்டிமர் வீலர் என்ற தொல்லியல் அறிஞர் இங்கே அகழாய்வு செய்தார். சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த ஒரு உடைந்த ஜாடித் துண்டைப் பார்த்து, இது ரோமானியர்களின் ஜாடி என்று கண்டுபிடித்துத்தான் அவர் அரிக்கமேட்டுக்கே வந்தார். ஒரு ஓட்டாஞ்சில்லுக்கு எவ்வளவு மதிப்பு பாருங்கள்! அவருக்குப் பிறகு கசால் என்ற பிரெஞ்சு அறிஞரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லே என்ற பெண் அறிஞரும் இங்கே ஆய்வு செய்தார்கள். திராட்சை மது, எண்ணெய் கொண்டுவந்த கூர்மூக்கு ஜாடிகள், ரோமானிய மண்பாண்டங்கள், கல்லிலும் கண்ணாடியிலும் செய்த பாசிமணிகள் எல்லாம் கிடைத்தன. பாசிமணி செய்யும் தொழிற்கூடமே இங்கே இருந்திருக்கிறது. கிரேக்க மொழியில் எழுதிய பழைய கடல் வழி நூல் ஒன்றில் 'பொதுகே' என்று ஒரு துறைமுகம் வருகிறது. அது இந்த இடமாக இருக்கலாம் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அரிக்கமேட்டில் இப்போது பெரிய கட்டடம் எதுவும் கிடையாது. மரத்தோப்பு, ஆறு, 18-ஆம் நூற்றாண்டில் பாதிரியார்கள் கட்டிய வீட்டின் இடிந்த சுவர், அவ்வளவுதான். "இதைப் பார்க்கவா வந்தோம்?" என்று தோணும். அதனால்தான் அதே நாளில் மத்தியானம் அருங்காட்சியகத்தை வைத்திருக்கிறேன். காலையில் மண்ணைப் பார்க்கிறோம், மத்தியானம் அந்த மண்ணிலிருந்து எடுத்ததைப் பார்க்கிறோம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் புரியும். இன்னொன்று, அது பாதுகாக்கப்பட்ட இடம். மணி கிடைக்குதா என்று தரையைக் கிளறக் கூடாது. கண்ணில் பட்டாலும் எடுத்துக்கொண்டு வரக் கூடாது.

பகல் 12 மணிக்கு நகரத்துக்குத் திரும்பிப் பாரதி பூங்காவில் கட்டுச்சோறு. பூங்கா நடுவில் வெள்ளையாக நிற்பது ஆயி மண்டபம். புதுச்சேரி அரசின் சின்னத்தில் இருப்பதும் இதுதான். இதற்கு ஒரு கதை சொல்வார்கள். ஒரு ராஜா, விளக்கெல்லாம் ஏற்றியிருந்த ஒரு மாளிகையைக் கோவில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபம் வந்து இடிக்கச் சொன்னாராம். ஆயி, "நானே இடித்துக்கொள்கிறேன்" என்று சொல்லி வீட்டை இடித்து, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாளாம். பல காலம் கழித்து, மூன்றாம் நெப்போலியன் பிரான்சை ஆண்டபோது, குடிதண்ணீர் இல்லாத கடற்கரைப் பகுதிக்கு முத்திரையர்பாளையத்திலிருந்து வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வந்தது. அதற்கு நன்றியாக இந்த மண்டபம் எழுந்தது. ராஜா பேர் கூட ஆளுக்கு ஒன்றாகச் சொல்கிறார்கள். ஆயி பேர் மட்டும் யாருக்கும் மறக்கலை. தண்ணிக்குக் குடத்தோட நிக்கிற நமக்கு அது ஏன்னு நல்லாத் தெரியும்.

பூங்காவுக்கு எதிரிலேயே அருங்காட்சியகம். ஒன்றரை மணி நேரம் வேண்டும். அரிக்கமேட்டுப் பொருள்கள், சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள், பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்த மேஜை நாற்காலிகள், வண்டிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே ஓடக் கூடாது. ஆளுக்கு ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, நோட்டில் படம் வரைந்து, கீழே நான்கு வரி எழுத வேண்டும்.

மூன்றரை மணிக்குக் கடற்கரைச் சாலை. சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நீளம். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை. நம்ம விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிதான்! காந்தியடிகள் 1934 பிப்ரவரியில் புதுச்சேரிக்கு வந்திருக்கிறார். எதிரில் பழைய கலங்கரை விளக்கம், 1836-இல் முதல் தடவை ஏற்றியது. கொஞ்ச தூரத்தில் முதல் உலகப் போரில் பிரான்சுக்காகச் செத்த பிரெஞ்சிந்திய வீரர்களின் நினைவிடம். அது 1938-இல் திறந்தது. கடல் ஓரமாகக் கருங்கற்கள் கொட்டியிருப்பதைக் கவனியுங்கள். முன்னே அங்கே மணல் இருந்தது. 1980-களில் துறைமுகத்துக்காகத் தெற்கே கடலுக்குள் சுவர் கட்டினார்கள். வடக்கே போக வேண்டிய மணல் அங்கேயே தங்கிப்போச்சு. இந்தப் பக்கம் கரை அரித்துக்கொண்டே வந்ததால் கல் கொட்டினார்கள். புவியியல் பாடத்தில் கடல் அரிப்பு என்று படித்தோமே, அதை நேரில் பார்க்கலாம்.

நாலரை மணிக்குப் புறப்பட்டால் 5 மணி பஸ்ஸைப் பிடிக்கலாம். 6 மணிக்கு வீடு.

இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை: எழுதினவங்க, வாழ்ந்தவங்க

அதே 7 மணி பஸ். 8 மணிக்கு நகரம். இன்றைக்கு எல்லாமே நடைதான். காலையில் வாய்க்காலுக்கு மேற்கே, மத்தியானம் கிழக்கே.

முதலில் ரங்கப்பிள்ளை வீதி. ஆனந்தரங்கப் பிள்ளை 1709-இல் சென்னையில் பிறந்தவர். கவர்னர் துய்ப்ளேக்ஸுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்த்துச் சொல்கிறவராக இருந்தார். 1736 முதல் 1761 வரை 25 வருஷம் தமிழில் நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, யார் யாரோடு சண்டை, என்ன விலை, யார் வீட்டுக் கல்யாணம் என்று எல்லாமே அதில் இருக்கும். இன்றைக்கு அந்தக் காலத்து வரலாற்றை எழுதுகிறவர்கள் யாராக இருந்தாலும் அதைப் புரட்டாமல் எழுத முடியாது. ராஜா எழுதிய கல்வெட்டு இல்லை, ஒரு மனுஷர் வீட்டில் உட்கார்ந்து எழுதிய குறிப்பு. நாமும் தினம் நாலு வரி எழுதினால் என்ன? அவர் வீடு அந்தத் தெருவிலேயே இருக்கிறது. தமிழ் வீடும் பிரெஞ்சு வீடும் கலந்த மாதிரிக் கட்டியது. வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும்.

அடுத்து ஈஸ்வரன் தர்மராஜா கோவில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீடு. 1908-இல் ஆங்கிலேயர் பிடிக்க வந்தபோது பாரதியார் புதுச்சேரிக்கு வந்துவிட்டார். இது பிரெஞ்சு ஆட்சிப் பகுதி என்பதால் ஆங்கிலப் போலீஸ் உள்ளே வந்து கைது செய்ய முடியாது. 1918 வரை பத்து வருஷம் இங்கே இருந்தார். பாஞ்சாலி சபதம், குயில் பாட்டு, கண்ணன் பாட்டு எல்லாம் இங்கே எழுதியவை. 1918-இல் எல்லை தாண்டியதும் கடலூர் பக்கத்தில் கைது செய்துவிட்டார்கள். நாம் பஸ்ஸில் டிக்கெட் வாங்கிக்கொண்டு தாண்டுகிற அந்த எல்லைக்கு அன்றைக்கு அவ்வளவு அர்த்தம்!

அங்கிருந்து பெருமாள் கோவில் வீதியில் பாரதிதாசன் வீடு. 1891-இல் இதே ஊரில் பிறந்தவர். இயற்பெயர் கனக சுப்புரத்தினம். பள்ளிக்கூட வாத்தியாராக வேலை பார்த்தவர். பாரதியை நேரில் பழகி, தன் பெயரையே மாற்றிக்கொண்டவர். குருவின் வீடும் சிஷ்யர் வீடும் ஒரே காலையில் பார்க்க முடிகிற ஊர் வேறு எங்கே இருக்கு?

அப்படியே வைசியாள் வீதியில் நடப்போம். வரிசையாகப் பழைய தமிழ் வீடுகள். தெருப் பக்கம் தாழ்வாரம், திண்ணை, உள்ளே முற்றம், மரத்தூண். இடிந்துபோக இருந்த இந்தத் தெருவின் முகப்புகளைச் சரி செய்ததற்காக 2008-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. நம்ம ஊர்லயும் திண்ணை வீடு இருக்கு. அதை இடிச்சுட்டு மாடி போடணும்னு நினைக்கிறோம். அங்கே அதே திண்ணைக்கு விருது கொடுக்கிறாங்க. இதை வீட்டில் சொல்லுங்கள்.

11 மணிக்குக் காந்தி வீதி சண்டே மார்க்கெட். அரை மணி நேரம் மட்டும்! வாங்குகிறவர்கள் வாங்கலாம், வேடிக்கை பார்க்கிறவர்கள் பார்க்கலாம். கையைக் கோத்துக்கொண்டு போக வேண்டும், கூட்டம் நெரியும்.

மத்தியானம் வாய்க்காலைத் தாண்டுவோம். வீடு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். அந்தப் பக்கம் திண்ணை தெருவைப் பார்த்து இருந்தது. இந்தப் பக்கம் உயரமான மதில், பெரிய கேட், தோட்டமெல்லாம் உள்ளே. தெருப் பெயர்ப் பலகையில் பிரெஞ்சும் தமிழும் இருக்கும். மணக்குள விநாயகர் கோவில் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் வருவதற்கு முன்பே இருந்த கோவில் அது. அங்கே ஆசீர்வாதம் செய்த லட்சுமி யானையை நம்ம ஊர்ச் சின்னப் பிள்ளைகளுக்குக் கூடத் தெரியும். 2022 நவம்பர் 30 அன்று நடந்து போகும்போதே விழுந்து இறந்துபோனது.

கடற்கரைச் சாலையில் மேரி கட்டடம் இருக்கிறது. மேரி என்றால் பிரெஞ்சில் நகராட்சி அலுவலகம். 19-ஆம் நூற்றாண்டுக் கட்டடமான அது 2014 நவம்பரில் மழையில் இடிந்து விழுந்தது. பழைய மாதிரியே திரும்பக் கட்டி 2021-இல் திறந்தார்கள். பார்த்தால் புதுசு என்று தெரியாது.

கடைசியில் சுப்பையா சாலையில் தூய இருதய ஆண்டவர் பேராலயம். 1907-இல் கட்டி முடித்தது. வண்ணக் கண்ணாடி வழியாகச் சாயங்கால வெயில் விழும்போது அமைதியாக உட்கார்ந்து பார்க்கலாம். செருப்பு, சத்தம் இரண்டையும் வெளியே விட வேண்டும். பக்கத்தில் ரயில் நிலையம். அங்கிருந்து பஸ் ஸ்டாண்டு, 5 மணி பஸ், 6 மணிக்கு வீடு.

நடக்கும்போது பேச வேண்டிய பாடம்

நமக்கு 1947 ஆகஸ்ட் 15-இல் விடுதலை. எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு அப்போது இல்லை. 1954 அக்டோபர் 18-இல் கீழூர் என்ற கிராமத்தில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி ஓட்டுப் போட்டார்கள். இந்தியாவோடு சேர 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. சட்டப்படி முழுசாக மாறியது 1962 ஆகஸ்ட் 16. துப்பாக்கி இல்லாமல் ஓட்டுப் போட்டு முடிவானது என்பதை நினைவில் வையுங்கள். பெரிய நகரத்தின் தலையெழுத்தை ஒரு கிராமத்தில் எழுதியிருக்கிறார்கள்!

செலவுக் கணக்கு (ஒருவருக்கு)

பஸ் கட்டணம் ஒரு வழிக்கு 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டு நாள் போக வர (30 x 4): 120 ரூபாய்
நகரத்துக்குள் பஸ்: 20 ரூபாய்
டீ, பன் (20 x 2): 40 ரூபாய்
நுழைவுக் கட்டணம்: 20 ரூபாய்
அவசரத்துக்கு: 50 ரூபாய்
மொத்தம்: 250 ரூபாய்

சாப்பாடு வீட்டிலிருந்து. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு கெடாது. தங்கும் செலவு கிடையாது. ஒரு நாளைக்கு 5 ரூபாய் உண்டியலில் போட்டால் 50 நாளில் 250 ரூபாய். முடியாதவர்களுக்கு என் யோசனை இதுதான்: முடிந்தவர்கள் 6 ரூபாயாகப் போடட்டும். 5 பேர் அப்படிப் போட்டால் ஆறாவது ஆளுக்குக் காசு சேர்ந்துவிடும். யார் போட்டார்கள், யாருக்குப் போனது என்று டீச்சருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

மறக்கக் கூடாதவை

1. ஐந்து பேருக்கு ஒரு குழு. குழுவுக்கு ஒரு அக்கா. பஸ் ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ண வேண்டும்.
2. பாத்ரூம் வசதி பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம், அருங்காட்சியகம் என்று எங்கே என்பதை முதலிலேயே கேட்டு வைக்க வேண்டும். பாத்ரூமுக்குப் பயந்து தண்ணி குடிக்காமல் இருக்கிறோமே, அது தப்பு. பெண் பிள்ளைகளுக்கு வேண்டியதை டீச்சர் பையில் வைத்திருந்தால் யாரும் வயிற்று வலி என்று பொய் சொல்லி வீட்டில் இருக்க வேண்டியதில்லை.
3. நடக்கச் சிரமப்படும் தோழிக்கு ஆட்டோ. அவசரக் காசு அதற்கும்தான்.
4. குழுவோடு இரண்டு அம்மாக்கள் வரட்டும். அவங்களும் பாண்டியைப் பார்த்ததில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் எங்களைத் தனியாகக் கூட அனுப்புகிறீர்கள். அதே பஸ்ஸில், அதே ஊருக்கு, டீச்சரோடு, பகலில் படிக்க அனுப்பக் கேட்கிறோம். ராத்திரி தங்குவதுதான் தடை என்றால், இந்தத் திட்டத்தில் தங்கவே வேண்டாம். தோழிகளே, இந்தத் தாளை நோட்டில் எழுதிக்கொண்டு போய் வீட்டில் படித்துக் காட்டுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசுவதாக டீச்சர் சொல்லியிருக்கிறார்.

பதில் சொல்லுங்கள் பார்ப்போம்

1. புதுச்சேரியின் நேர்த் தெருக்களுக்கு முதலில் திட்டம் வரைந்தவர்கள் யார்?
2. அரிக்கமேட்டையும் அருங்காட்சியகத்தையும் ஏன் ஒரே நாளில் பார்க்க வேண்டும்?
3. பாரதியாரை ஆங்கிலப் போலீஸ் புதுச்சேரியில் ஏன் கைது செய்யவில்லை?
4. கீழூரில் ஓட்டுப் போட்டவர்களில் இந்தியாவோடு சேர விரும்பியவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர்? (கணக்குப் போட்டுச் சொல்லவும்)
5. உங்கள் பாட்டிக்குப் புதுச்சேரி பற்றி என்ன தெரியும்? கேட்டு ஐந்து வரி எழுதுக.

விடைகளைப் பெயர், வகுப்போடு எழுதிப் பலகைக்குக் கீழே உள்ள அட்டைப் பெட்டியில் போடவும். ஐந்தாவது கேள்விக்கு வரும் நல்ல விடைகள் அடுத்த இதழில் இதே பக்கத்தில் இடம்பெறும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி